ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம்

முடி திருத்தும் உரிமத்துக்கான விண்ணப்பத்தின் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் லோர்னா பிரேட்டர் ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டாள். பெயர், முகவரி, பயிற்சிப் பள்ளியின் பெயர், அங்கே கழித்த மணி நேரம், எழுத்துத் தேர்வில் எவ்வளவு, செய்முறைத் தேர்வில் எவ்வளவு. பதினாலாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்க் கழுவின பாத்திரங்களையே இன்னொரு தடவை கழுவினாள். 'எப்போதாவது கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? ஆம் எனில் விவரம் தருக.' விவரம் எழுத இரண்டே வரி இடம் விட்டிருந்தார்கள்.

அவளுடைய தம்பி டென்வர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சோள ரொட்டியைப் பீன்ஸ் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வீடு அவனுடையது. அவள் சிறையிலிருந்து வந்த நாளிலிருந்து பின்னறையில் அவளுக்கு இடம் கொடுத்து வைத்திருந்தான்.

"இல்லன்னு போட்டுட்டுப் போயேன் அக்கா. எவன் தோண்டிப் பாக்கப் போறான்?"

"கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டுனா அரை நிமிஷத்துல வந்துரும்டா. அப்புறம் பொய் சொன்னதுக்குன்னு தனியா ஒரு கேஸ் போடுவாங்க."

"அப்ப 'ஆமா'ன்னு போடு. எங்கிட்ட ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற?"

'ஆம்' என்று எழுதினாள். குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்தியது, ஆறு ஆண்டு சிறை, முழுவதும் கழிந்தது. இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

நடந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். ஓர் அக்டோபர் மாத வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. ஓடைக்கரைச் சாலையில் கிளோவிஸ் ஸ்டாம்பர் என்பவர் பிக்கப் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தார். கூரை போடும் தொழில் அவருக்கு. வளைவில் திரும்பி வந்த லோர்னாவின் கார் அவர்மேல் ஏறியது. அவளுக்கு மோவாயில் ஒரு கீறல். அவருக்கு இடது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சிறையில் இரண்டாம் வருடம் முடி வெட்டும் அறையில் வேலை போட்டார்கள். அதுவரை லோர்னா உருப்படியாகச் செய்த காரியம் என்று ஒன்றும் கிடையாது. கோழிக்கறி பொரிக்கும் கடை, சிகரெட் கவுண்டர், கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலை என்று எங்கே போனாலும் மூன்று மாதத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். குடியை விட்ட பிறகு அவள் கைகள் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். கத்தரிக்கோலைப் பிடித்தால் அந்த நடுக்கம் நின்றுவிடும். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. தலை ஒன்று முன்னால் இருந்தால் போதும், காதுக்குப் பின்னால் எவ்வளவு எடுக்க வேண்டும், உச்சியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். வரிசையில் நிற்கும் பெண்கள், "பிரேட்டர் வெட்டுனாத்தான் உக்காருவேன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். முப்பத்தைந்து வயதில் முதன்முதலாக ஒருவர் தன்னைத் தேடிக் காத்திருப்பதை அவள் பார்த்தாள்.

சிறையில் வெட்டிய தலைகள் எதுவும் கணக்கில் சேராது. வெளியே வந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். மாநில விதிப்படி பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். முதியோர் இல்லத்துச் சலவையறையில் விடியற்காலை வேலை, பதினொரு மணிக்கு முடியும். அங்கிருந்து பஸ் பிடித்துப் பள்ளி. அவளுடைய ஓட்டுநர் உரிமம் போனது போனதுதான், திரும்பக் கிடைக்கவில்லை. வகுப்பில் எல்லாரும் அவளைவிட இருபது வயது சின்னவர்கள். பலூனில் சோப்பு நுரையைத் தடவி, அது வெடிக்காமல் சவரக்கத்தியால் வழித்தெடுக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் பலூன்கள் பட்பட்டென்று வெடித்துச் சிரிப்பாக இருக்கும். லோர்னாவின் பலூன் ஒன்றுகூட வெடிக்கவில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது.

செய்முறைத் தேர்வுக்கு ஆளை நாமேதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டென்வர் மூன்று வாரம் தாடி வளர்த்துக்கொண்டு வந்தான்.

"காதை மட்டும் விட்டு வச்சிரு அக்கா. கண்ணாடி மாட்ட வேணும்."

"பேசாத. தாடை அசையுது."

நடுவில் சீப்பு கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்திருந்தால் தோற்றிருப்பாள். தரையில் விழுந்ததைத் தொடக்கூடாது. அவள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், கையைச் சுத்தம் செய்துகொண்டு மருந்துநீரிலிருந்து வேறு சீப்பை எடுத்தாள். சவரத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்தப் பிரிவில் அன்றைக்கு அதுதான் அதிகம்.

எஸ்டில் கேம்பிள் என்பவர் நகரத்துக் கடைத்தெருவில் மூன்று நாற்காலி போட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலோர நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. பள்ளிக்கு ஒருமுறை வந்தபோது அவள் வேலையைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் தாளைக் கொண்டாந்து சுவத்துல மாட்டு, மறுநாளே நீ வெட்டலாம்" என்று சொல்லியிருந்தார்.

தாள் வரவில்லை. கடிதம்தான் வந்தது. விண்ணப்பதாரரின் நன்னடத்தை குறித்து மாநில உரிம வாரியம் திருப்தியடைய வேண்டியிருப்பதால், இன்ன தேதியில் தலைநகரில் நேரில் ஆஜராகவும். ஆதரவுக் கடிதங்கள் இருந்தால் கொண்டு வரலாம்.

எஸ்டில் அதை இரண்டு தடவை படித்தார். "நான் ஒன்னு எழுதித் தாறேன். உன் ஸ்கூல்லயும் வாங்கிரு. ஆனா இதெல்லாம் எல்லாரும் கொண்டு போறதுதாம்மா." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "அந்த ஆளே எழுதிக் குடுத்தாரு வச்சுக்க, ஒருத்தன் வாயத் திறக்க முடியாது."

அவர் ஏதோ பேச்சுவாக்கில்தான் சொன்னார். அவளுக்கு மூன்று வாரம் அந்தப் பேச்சு தலைக்குள்ளேயே இருந்தது. கிளோவிஸைப் பார்க்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடை தண்டனையோடு சேர்ந்து முடிந்திருந்தது. கிராமச் சாலையில் எந்த வீடு என்பதும் தெரியும். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. டென்வரிடம் ஒன்றும் சொல்லாமல் நான்கு மைல் நடந்து போனாள்.

வீட்டு முற்றத்தில் கார் இல்லை. கிளோவிஸ் முன் வராந்தாவில் உட்கார்ந்து தூண்டிலில் இரையாக மாட்ட, பாதாம் அளவுக்குச் சின்னச் சின்னப் பொய் மீன்களைக் கட்டையில் செதுக்கிக்கொண்டிருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். காலணியோடு.

"யாரு?"

"லோர்னா பிரேட்டர், மிஸ்டர் ஸ்டாம்பர்."

அவர் கத்தியை மடித்தார்.  "மெலிஞ்சுட்ட. கோர்ட்டுல பாத்தப்ப மூஞ்சி ஊதிப் போயிருந்துது."

"அப்ப குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

"ஒம்பது வருஷமா ஒரு சொட்டுக்கூட இல்ல."

அவர் படியைக் கை காட்டினார். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்த காரியத்தைச் சொன்னாள். வாரியம், கடிதம், நன்னடத்தை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது அசிங்கமாகப் பட்டது. காலை எடுத்துக்கொண்டவள் கையெழுத்தும் கேட்டு வந்து நிற்கிறாளே என்று அவர் நாயை ஏவிவிட்டாலும் நியாயம்தான் என்று நினைத்தாள்.

அவர் கேட்டது வேறு. "அன்னைக்கு எதுக்குக் குடிச்ச?"

"ம்?"

"எவ்வளவு குடிச்ச, என்ன குடிச்சன்னு கோர்ட்டுல எல்லாம் சொன்னாங்க. எதுக்குன்னு ஒருத்தனும் சொல்லல. நானா நெனச்சுக்குவேன், புருஷன் ஓடிப் போயிருப்பான், யாராவது செத்திருப்பாங்கன்னு. ஏதோ ஒன்னு இருக்கணும்ல?"

லோர்னா யோசித்துப் பார்த்தாள். ஒரு காரணம் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தது. கண்டுபிடித்துச் சொல்வதும் கஷ்டமில்லை.

"ஒன்னும் இல்ல" என்றாள். "சம்பளம் வந்துது. வியாழக்கிழமை. அவ்வளவுதான்."

கிளோவிஸ் தலையை ஆட்டினார். ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக உள்ளே கை நீட்டி ஒரு பழைய மருத்துவமனைக் கடித உறையை எடுத்து, அதன் முதுகில் பென்சிலால் எழுதினார். எழுதுவது அவருக்கு லேசான வேலையாக இல்லை. 'இந்தப் பெண் என்னிடம் உண்மையைச் சொன்னாள். அவள் தண்டனையை அனுபவித்துவிட்டாள். வேலை செய்ய விடுங்கள். கிளோவிஸ் ஸ்டாம்பர்.'

"என் வீட்டுக்காரி டிரெஸ்ஸா ரெண்டரைக்கு வந்துருவா. ஸ்கூல் சமையக்கட்டுல வேலை. அதுக்குள்ள போயிரு."

திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. பத்து வருடத்தில் அப்படி ஒரு நம்பிக்கை அவளுக்கு வந்ததில்லை. எஸ்டிலின் கடை ஜன்னலைக் கடந்து போகையில் காலி நாற்காலியை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

தலைநகருக்கு டென்வர்தான் வண்டி ஓட்டினான். மூன்று மணி நேரப் பயணம். அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட, மெல்லிய குரலில் பேசும் பெண்மணி. கடுமை எதுவும் இல்லை. லோர்னாவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். உறுப்பினர்களில் ஒருவர் தானே முடி திருத்துபவர், நாற்பது வருடம் கடை வைத்திருந்தவர். அவர் மதிப்பெண் தாளைப் பார்த்து, "ஷேவிங்குல தொண்ணூத்தாறா? என் மகன் எழுபத்தெட்டுதான் வாங்கினான்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த டென்வர் சத்தமாகச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பள்ளி, எஸ்டில், முதியோர் இல்லத்து மேலாளர். கடைசியில் கிளோவிஸின் உறை. அதைப் படித்ததும் மேசையில் ஓர் அசைவு. முடி திருத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோர்னா மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

தலைவி கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "போன திங்கட்கிழமை தபால்ல எங்களுக்கு இன்னொரு லெட்டர் வந்திருக்கு, மிஸ் பிரேட்டர். மிஸஸ் டிரெஸ்ஸா ஸ்டாம்பர்கிட்டருந்து. நான் படிக்கிறேன்."

என் கணவர் நல்லவர், யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார் என்று கடிதம் தொடங்கியது. அதைத் தெரிந்துகொண்டு நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அந்தப் பெண் வந்து அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒன்பது வருடமாகக் காலையில் அவருக்குக் காலை மாட்டிவிடுவது நான். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். கூரை வேலை போனபின் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது நான். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து அவர் தூங்குவதில்லை. காரணமே இல்லாமல் தன் கால் போயிற்றாம், அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தால் என் வாசலிலும் நின்றிருப்பாள். அவள் தாள் வாங்க வந்தாள்.

தலைவி தாளைக் கோப்பில் வைத்தாள்.

"நீங்க போனப்ப மிஸஸ் ஸ்டாம்பர் வீட்ல இல்லங்கிறது தெரியுமா?" என்று தலைவி கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி தெரியாது. புதன்கிழமை எனக்கு லீவு, அதான் போனேன்."

"போன பிறகு?"

"கார் இல்ல. அதப் பாத்தேன்." லோர்னா நிறுத்தினாள். அத்தோடு விட்டிருக்கலாம். "அதப் பாத்ததும் மனசு கொஞ்சம் லேசாச்சு. திரும்பிப் போயிட்டு அவங்க இருக்கறப்ப வந்திருக்கலாம். வரல."

முடி திருத்துபவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். தலைவி ஏதோ குறித்துக்கொண்டு, நேர்மையாகப் பேசியதற்கு நன்றி என்றாள்.

முடிவு பதினைந்து நாளில் தபாலில் வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தை அணுகிய விதம் விண்ணப்பதாரரின் தீர்மானிக்கும் திறன் குறித்து ஐயத்தை எழுப்புவதால் உரிமம் மறுக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவுகள் ஓராண்டு வரையே செல்லும். பயிற்சி நேரம் இரண்டாண்டுகளுக்குப் பிறகு கணக்கில் கொள்ளப்படாது.

டென்வர் விரலை விட்டு எண்ணினான். "அப்ப மூணு வருஷம் கழிச்சுத் திரும்பவும் ஒன்னாங்கிளாஸா? ஆயிரத்து ஐந்நூறு மணி நேரமும்?"

"ஆமா."

"அந்தப் பொம்பள மட்டும் எங்கையில கிடைச்சா…"

"சும்மா இருடா. அவ எழுதுனதுல பொய் ஒன்னு காட்டு பாப்போம்."

அவன் கதவை அறைந்துவிட்டு வெளியே போனான்.

எஸ்டில் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து ஜன்னலோரத்தில் நிறுத்தினார். லோர்னா மேல் இரக்கப்பட்டு, தரை கூட்டவும் துண்டு துவைக்கவும் வரச் சொன்னார். நான்கு நாள் போனாள். புதியவன் அவசரக்காரன், பின்கழுத்துக் கோட்டைக் கோணலாக விட்டுவிடுவான். துடைப்பத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பட்டினி கிடப்பவன் எதிரே ஒருவன் சோற்றை இறைப்பது போல் இருந்தது. ஐந்தாம் நாள் போகவில்லை. எஸ்டில் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் மளிகைக் கடையின் மாவு அடுக்கிய வரிசையில் டிரெஸ்ஸா ஸ்டாம்பரை நேருக்கு நேர் பார்த்தாள். குட்டையான, தோள் அகன்ற பெண். சமையற்கட்டு வலைத்தொப்பியைத் தலையிலிருந்து கழற்ற மறந்திருந்தாள். லோர்னா தள்ளுவண்டியைத் திருப்பப் பார்த்தாள்.

"நில்லு" என்றாள் டிரெஸ்ஸா. குரல் உயரவில்லை. "உனக்கு லைசென்ஸ் குடுக்கலன்னு கேள்விப்பட்டேன்."

"குடுக்கல."

"அவருக்கும் தெரியும். நான் எழுதுனது தெரிஞ்ச நாள்லருந்து எங்கூடப் பேசறதில்ல. முன்ரூம்ல படுத்துக்கறார். காலத் தானே மாட்டிக்கறாரு, கோணலா. புண்ணாப் போயிருக்கு. பாக்கக்கூட விடமாட்டேங்கறார்."

"நான் உங்களையும் பாத்துப் பேசியிருக்கணும்" என்றாள் லோர்னா. "அது என் தப்பு."

"ஆமா." டிரெஸ்ஸா ஒரு மாவுப் பையை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்தாள். "மொதத் தடவ காலத்தான் எடுத்த. அப்பவும் எங்களுக்குள்ள பேச்சு இருந்துது. சிரிப்புக்கூட இருந்துது. நீ வந்து படியில நின்னுட்டுப் போன பிறகு அதுவும் இல்ல."

லோர்னாவுக்கு மன்னித்துவிடுங்கள் என்ற சொல் நாக்கு வரை வந்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் அதுவும் எதையோ வாங்கத்தான் என்று படும். டிரெஸ்ஸா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவளைத் தாண்டிப் போனாள்.

வசந்தத்தில் முதியோர் இல்லத்துச் சலவையறை வேலையோடு மேல்மாடி அறைகளுக்குத் துணி கொண்டு போகும் வேலையும் சேர்ந்தது. பத்தொன்பதாம் எண் அறையில் ஹோபர்ட் என்று ஒரு கிழவர் இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மாதம் ஒருமுறை வரும் முடி திருத்துபவர் இரண்டு மாதமாக வரவில்லை. கிழவருக்கு நரைமுடி காதை மூடிக் கழுத்தில் சுருண்டு கிடந்தது.

"நீ முடி வெட்டுவியாமே. நர்ஸ் சொன்னா."

"வெட்டத் தெரியும். வெட்டக் கூடாது."

"யாரு சொன்னது?"

"கவர்மெண்ட்டு."

"நாளன்னைக்கு என் மக வர்றா. நாலு வருஷம் கழிச்சு வர்றா. கதவைச் சாத்திட்டு வெட்டேன். நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்?"

அவள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே அவருடைய தலையைப் பார்த்தாள். உச்சியில் இரட்டைச் சுழி. இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக விட்டால் முகம் நிமிர்ந்து தெரியும். இருபது நிமிட வேலை. மேசை இழுப்பறையில் நர்ஸின் கத்தரிக்கோல்கூட இருந்தது. உரிமம் இல்லாமல் வெட்டியது தெரிந்தால் மூன்று வருடம் கழித்தும் கேட்க முடியாது.

"முடியாதுங்க" என்றாள்.

"சரி போ" என்று கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அழுக்கு விரிப்புகளைச் சுருட்டி வண்டியில் போட்டாள். தலையணை உறையை மாற்ற அவர் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் பின்னந்தலையைத் தாங்கி, மறு கையால் உறையை உருவினாள். அவருடைய முடி அவள் விரல்களுக்கிடையில் கிடந்தது. தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு இருபதாம் எண் அறைக்குப் போனாள்.